ஈரலுக்குள்ள ஒரு அத்திப்பழம்

டேய் சேகரு,

போன் போட்டா மீட்டிங்ல இருக்கேன்ங்கற, அதான் எழுதறேன். பொண்ணு ஹாஸ்டல்ல செட் ஆயிட்டாளா?

எனக்கு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 1னு வந்துருக்கு. பதறாத, நடக்கச் சொன்னாங்க, பரோட்டாவ விடச் சொன்னாங்க, நடக்கறத மட்டும் செய்யறேன்.

ஆனா இதனால ஒரு வார்த்தை மாட்டுச்சுடா. ஸ்பானிஷ் கத்துக்கறேன்னேன்ல, அதுல ஈரலுக்கு ஈகாதோ, அத்திப்பழத்துக்கு ஈகோ, என்னடா இது அக்கா தங்கச்சி மாதிரி இருக்கேன்னு தோண்டுனா நிஜமாவே சொந்தம்தான். லத்தீன்ல ஈரலுக்கு யேகுர்னுதான் பேரு. ரோமாபுரி பணக்காரங்க வாத்துக்கு அத்திப்பழமா ஊட்டி ஈரல கொழுக்க வச்சு தின்னுருக்காங்க, ரோமாபுரி கவிஞர் ஹொராஸ் கி.மு. 1ஆம் நூற்றாண்டுலயே வெள்ளை வாத்து ஈரலப் பத்தி கவிதைல எழுதிட்டாரு, பெண் பன்னிக்கும் காஞ்ச அத்தி போட ஆரம்பிச்சது அபீசியுஸ்ங்கற சாப்பாட்டுப் பிரியர்னு ப்ளினிங்கற ரோமாபுரி எழுத்தாளர் சொல்றாரு. கிரேக்கத்துல அத்தி சூகோன், அதுலருந்து அந்த ஈரலுக்கும் பேர் வச்சாங்க, அதப் பாத்து லத்தீன்காரங்க யேகுர் ஃபிகாதும்னாங்க, அதாவது அத்தி ஊட்டின ஈரல். அப்புறம் செல்போன்ல போன் உதுந்து வெறும் செல் ஆச்சுல்ல, அதே கதை, யேகுர் காணாமப் போயி ஃபிகாதும் நின்னுருச்சு. கூத்து என்னன்னா அத்தியே பாக்காத கோழி ஈரல், மனுஷன் ஈரல் எல்லாத்துக்கும் அதே பேருதான்.

இத்தாலியன்ல ஃபேகதோ, ருமேனியன்ல ஃபிகாத், போர்ச்சுகீஸ்ல ஃபீகது. ஸ்பானிஷ்ல மட்டும் நிறைய வார்த்தைல முன்னாடி இருந்த ஃப செத்துப்போச்சு, லத்தீன் ஃபரினா, அதான் மாவு, அங்க அரினா ஆன மாதிரி. ஃப்ரெஞ்சுக்காரன்தான் மோசம், அத்தன நீள வார்த்தையத் தேச்சு தேச்சு ஃபுவான்னு விட்டுட்டான், அதுக்குள்ள அத்தி இருக்குன்னு சத்தியம் பண்ணாலும் எவனும் நம்பமாட்டான்.

இத்தாலியன்ல ஒருத்தனுக்கு ஈரல் இருக்குன்னா தைரியசாலின்னு அர்த்தம், நமக்கு ஈரக்கொல நடுங்க மட்டும்தான் செய்யும்.

ஃபுவா க்ரான்னு வாத்து ஈரல காஸ்ட்லியா விக்கறாங்கல்ல, கொழுத்த ஈரல்னுதான் அர்த்தம், என் ரிப்போர்ட்லயும் அதேதான்டா போட்டுருக்கு, ஒரு அத்திப்பழம் கூட தின்னாம!

பொங்கலுக்கு வர்றியா சொல்லு. வீட்ல மட்டன் ஈரல் வறுவல் இருக்கும், நீ தின்னு, நான் பாத்துட்டு இருக்கேன்.

உன்
மூர்த்தி