குதிகாலை அமுக்கச் சொல்லும் முன் ஷூவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை முகாமில் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளின் படத்தைச் சென்ற ஞாயிறு இதழில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது. அப்புறம் என் கண் வழக்கம்போல் கீழே, கால்களுக்குப் போயிற்று. முன்னால் இருந்த பையனின் பாதம், சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையமான ஸ்டிரப்புக்குள் கணுக்கால் வரை நுழைந்திருந்தது. காலில் அடிப்பகுதி தட்டையான கான்வாஸ் ஷூ. குதிகால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைக்க மனம் வரவில்லை.

நான் காவல்துறைக் குதிரைப்படையில் 23 ஆண்டுகள் இருந்தவன். கடற்கரை ரோந்து, ஊர்வலம், திருவிழாக் கூட்டம் என்று வாழ்க்கையின் பெரும்பகுதி சேணத்தின் மேலேயே போனது. இப்போது 12 வயதுப் பேத்தியை வாரம் இரண்டு நாள் ஒரு பயிற்சி இடத்துக்கு அழைத்துப் போகிறேன். வேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது அங்கே அதிகம் காதில் விழுவது ஒரே சொல்தான்: “ஹீல் டவுன்!” பத்து நிமிடத்தில் இருபது தடவையாவது கேட்கும். பிள்ளையும் பயந்து குதிகாலைக் கீழே அமுக்குவாள். உடனே முழங்கால் விறைத்து, கால் முன்னால் நீண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தவள்போல் ஆகிவிடுவாள். அடுத்த குலுக்கலில் உடம்பு பின்னால் போகும். விழுந்துவிடுவோமோ என்று கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவாள். பாவம், குதிரையின் வாய்தான் வலிக்கும்.

குதிகால் கீழே இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது அமுக்கிக் கொண்டுவருவதில்லை. இடுப்பு இளகி, தொடை சேணத்தின் மேல் தளர்ந்து படிந்து, முட்டி இறுக்காமல் இருந்தால் உடம்பின் பாரம் தானாகக் கீழே இறங்கிக் கணுக்காலில் போய்ச் சேரும். கணுக்கால் அதை வாங்கிக்கொள்ளும்போது குதிகால் விரல்களைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். வழியில் எந்த இடம் இறுகினாலும் பாரம் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் இறுகுவது முட்டிதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முதலில் பழக்கிய பெரியவர் என் முட்டிக்கும் சேணத்துக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ராட், அதாவது குதிரையின் குலுங்கும் மிதவேக ஓட்டம், ஓட்டச் சொல்வார். அந்தக் காலத்தில் முட்டியால் கவ்விப் பிடிப்பதுதான் சவாரி என்று பலரும் நம்பினார்கள். நாணயம் விழாது, ஆனால் நான் விழுவேன். முட்டி கவ்வியதும் அதுவே அச்சாணி மாதிரி ஆகிவிடும். கீழ்க்கால் முன்னும் பின்னும் ஆடும், உடம்பு சேணத்தை விட்டு மேலே எழும்பும், குதிகால் தூக்கிக்கொள்ளும்.

பிறகு வந்த உஸ்தாத் அதிகம் பேசமாட்டார். ஸ்டிரப் இரண்டையும் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, “இனிமேல் இது உனக்குக் கிடையாது” என்றார். ஆறு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் நடுவே அவர் நிற்பார். கடிவாளத்தைத் தொடக்கூடாது, கையை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் தொடையின் உள்பக்கம் தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். நான்காவது வாரத்தில் ஒரு காலை, ட்ராட்டின் குலுக்கல் என் இடுப்பு வழியாக இறங்கிக் கால் வழியே வெளியே போவதை உணர்ந்தேன். ஸ்டிரப்பைத் திரும்பக் கொடுத்த அன்று என் குதிகால் யாரும் சொல்லாமலே தாழ்ந்திருந்தது.

பெற்றோர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளக்கூடியதும் இருக்கிறது. பிள்ளை ஏறும் முன், ஸ்டிரப்பைத் தாங்கும் தோல் வார் தொங்கும் சேணக் கொக்கியில் அவள் விரல் நுனியை வைத்து, வாரைக் கையோடு ஒட்டி நீட்டினால் ஸ்டிரப் ஏறக்குறைய அக்குளைத் தொட வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் காலை வெறுமனே தொங்கவிடச் சொல்லுங்கள். மிதிக்கும் தட்டு கணுக்கால் எலும்பின் பக்கத்தில் இருந்தால் பழகுகிற பிள்ளைக்குச் சரி. குதிரையைத் தடை தாண்ட வைத்துப் பழகும்போது வாரை இரண்டு மூன்று துளை ஏற்ற வேண்டும். வார் மிக நீளமாக இருந்தால் பிள்ளை விரல் நுனியால் தட்டைத் தேடும். அப்போது குதிகால் தூக்காமல் என்ன செய்யும்? அதற்குப் போய்ப் பிள்ளையைத் திட்டுவது நியாயமே இல்லை.

ஸ்டிரப்பில் வைக்க வேண்டியது பாதத்தின் அகன்ற முன்பகுதியை, கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் இடத்தை. ஆடுசதை வயிற்றுப் பட்டிக்கு அருகில் குதிரையின் மேல் லேசாகப் படிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால், கொத்தனார் தூக்குக்குண்டு விட்ட மாதிரி காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் வரும். ஜாக்கிகளின் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் குந்த வைக்காதீர்கள். பந்தயச் சவாரி வேறு. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸாஜ் (குதிரையை நயமாக, சொன்னபடி நடத்திக் காட்டும் போட்டி) அணி தங்கம் வாங்கியதே, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம், அந்தக் காட்சிகளைக் காட்டுங்கள். அந்த நால்வரின் கால்கள் எவ்வளவு அமைதியாகத் தொங்குகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டுகிற பிராணி குதிரை. அதன் விலாவில் குதிகாலால் ஓயாமல் இடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று மிரண்டு ஓடும், இல்லை மரத்துப்போகும்.

இன்னொன்றும் கவனித்தேன். குத்துக்காலிட்டு, குதிகால் தரையில் படிய உட்காரத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கணுக்கால் சீக்கிரம் இளகுகிறது. நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகள் குந்தச் சொன்னால் பின்னால் சாய்கிறார்கள். பேத்தியைத் தினமும் மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக இறக்கச் சொல்கிறேன். பூக்கட்டும்போது பாட்டியோடு குந்தி உட்காரவும் வைத்திருக்கிறேன்.

ஷூ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது இதில்தான். தட்டையான ஷூ போட்ட பாதம் ஸ்டிரப்புக்குள் வழுக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் விழுந்தால் பிள்ளை தரையில், கால் மேலே, குதிரை ஓட்டத்தில். ஒருமுறை அப்படி இழுபட்ட ஒருவரைத் தூக்கிய கை இது. சிறிய குதி வைத்த, கட்டியான ஷூ வேண்டும். ஸ்டிரப் ஷூவைவிட ஓர் அங்குலம் மட்டும் அகலமாக இருக்க வேண்டும். பெரியவர்கள் ஸ்டிரப்பைப் பிள்ளைக்குக் கொடுத்தால் முழுப் பாதமும் உள்ளே போய்விடும், மிகச் சிறியது கவ்விக்கொள்ளும். வார் மாட்டும் கொக்கியின் முனையில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு. அது திறந்தே இருக்கட்டும். மூடி வைத்தால், விழும்போது வார் கழன்று வராது.

பேத்தி போகும் இடத்தில் யாரும் ஷூவைப் பார்க்கவில்லை. முதல் நாள் அவளும் கான்வாஸ் ஷூவோடுதான் ஏறினாள். நான் போய்ச் சொன்னபோது, “சின்னக் குழந்தைதானே சார், மெதுவாகத்தான் ஓடும்” என்றார்கள். மிரண்ட குதிரைக்கு மெதுவாக என்பது கிடையாது. பயிற்சி நடத்துகிறவர்கள் வாசலிலேயே நின்று ஷூவையும் ஸ்டிரப்பையும் பார்த்த பிறகே பிள்ளையை ஏற்ற வேண்டும். அடுத்த முறை இப்படிப் படம் வரும்போது, சரியான ஷூ போட்ட பிள்ளையின் படமாகத் தேர்ந்தெடுத்துப் போடும்படி உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இன்னும் பத்து வீட்டில் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

பேத்திக்குப் புது ஷூ வாங்கியாயிற்று. வாரை இரண்டு துளை ஏற்றினோம். பயிற்சியாளரிடம் கேட்டு, கடைசிப் பத்து நிமிடம் ஸ்டிரப் இல்லாமல் கயிற்றில் ஓட்ட அனுமதி வாங்கியிருக்கிறேன். இடது குதிகால் ட்ராட்டில் இன்னும் தூக்கத்தான் செய்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குதிரைப்படைத் தலைமைக் காவலர்,
தாம்பரம்.