கூம்புகளைக் கழற்றுங்கள்

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக் குழுவினருக்கு வணக்கம்.

விடியற்காலை நாலரைக்கே மின்கம்பத்துக் கூம்பு ஒலிபெருக்கி அலறியதும், சொல்ல வந்தவர்களை "மூன்று நாள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கொடையை நிறுத்தச் சொல்லவில்லை. கூம்புகளைக் கழற்றுங்கள், ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பந்தலுக்குள் வையுங்கள்.

என் தாயார் காதுக் கருவி அணிபவர். அதுவும் ஒலியைப் பெருக்குவதுதான். ஆனால் அளந்து பெருக்குகிறது. முதுமையில் முதலில் மங்குபவை ச, ஸ போன்ற கீச்சொலிகள். கருவி அவற்றைத் தூக்கிக் கொடுக்கும், உரத்ததை அடக்கும். உள்காது தேய்ந்தவருக்கு மெல்லிய ஓசை எட்டாது. உரத்த ஓசையோ நம்மைப் போலவே, சில வேளை நம்மைவிடக் கடுமையாக உறைக்கும். நடுவே மிஞ்சியிருப்பது குறுகிய இடம். அதையும் உங்கள் கூம்பு பிடுங்கிக்கொண்டது. கருவியைப் போட்டால் வலி, கழற்றினால் பேத்தி கூப்பிடுவதும் கேட்காது. கொடை முழுக்கக் கழற்றியே வைத்திருந்தார். சாப்பிட வரச் சொல்வதற்குக்கூட சைகைதான். ஆண்டெல்லாம் காத்திருந்த வில்லுப்பாட்டும் அவருக்கு இல்லாமல் போயிற்று.

நூறு வாட்டை இருநூறாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஓசை இரட்டித்ததாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். அதனால்தான் மைக் செட்காரர் பெட்டிமேல் பெட்டி அடுக்குகிறார். கேட்பவருக்கு அருகில் சிறு பெட்டிகளைத் தாழ்வாக வைத்தாலே போதும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் வரம்பு. விழாத் தளர்வு உண்டே என்பீர்கள். அது மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் தரக்கூடியது. அதுவும் நள்ளிரவு 12 வரை மட்டும். நாலரை மணி அதில் எங்கே வருகிறது?

பெருக்கிச் சொல்வதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வில்லுப்பாட்டில் புலவர் விட்ட அடியைப் பக்கப்பாட்டுக்காரர் எடுத்து நீட்டும்போதுதான் கதை வளர்கிறது. உங்கள் அறிவிப்பாளர் வளர்ப்பது வேறு. ஐந்நூறு ரூபாய் தந்தவர் "கொடைவள்ளல்", ஐயாயிரம் தந்தவர் "வாழும் பாரி". அரை மணிக்கொரு முறை அதே பட்டியல். நன்னூலின் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய தனித் திறமை வேண்டும். தேர்தல் வந்தால் இதே மைக் செட், இதே பாரிகள், கட்சிக்கொடி மட்டும் வேறு. மன்னிக்கவும், கோரிக்கையை விட்டு விலகிவிட்டேன்.

அடுத்த கொடைக்கு மைக் செட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், கூம்பு கூடாது, பெட்டிகள் பந்தலுக்குள் மட்டும், காலை 6 மணிக்கு முன் ஒலி வேண்டாம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் தலைக்கட்டு வரியைத் தவறாமல் தருபவன் என்ற உரிமையில், பணிவோடுதான் கேட்கிறேன்.

தக்கலை வட்டாரத்திலிருந்து
உங்கள் ஊர்க்காரன்