அக்கா மகன் குவாங்சோ வருமுன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் மெயில் கிடைத்தது. அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம், அப்புறம் ஆறு மாதத்தில் கால் மடக்க வராது. நிட்டிங் மெஷினில் இரண்டை விற்றுவிட்டதாக ஒரே வரியில் எழுதியிருந்தாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது கடிதத்தில் பேசித் தீர்கிற விஷயம் இல்லை, நேரில் உட்கார்ந்து பேசுவோம்.

அக்கா மகனுக்கு இங்கே சீனாவில், குவாங்சோவில், துணி கொள்முதல் செய்கிற ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் வேலை உறுதியானது ரொம்ப சந்தோஷம். "ஊர் எப்படி, சாப்பாடு எப்படி, பையன் தாக்குப்பிடிப்பானா" என்று அக்கா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படித்துவிட்டு அவனிடமும் கொடு.

வசதியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி 1.8 கோடிப் பேருக்கு மேல் வாழ்கிற ஊர் இது. ஆனாலும் மெட்ரோவில் 2 யுவானில் தொடங்கி எந்த மூலைக்கும் போய்விடலாம். மூன்றாம் லைனில் காலை நேரக் கூட்டம் மூச்சை அடைக்கும், அதனால் வீடு பார்க்கும்போது அந்த லைனில் மாறிப் போகிற நிலை வராமல் பார்க்க வேண்டும். போனில் ஸ்கேன் செய்து காசு கொடுப்பதை முன்பெல்லாம் ஊருக்கு வரும்போது பெருமையாகச் சொல்வேன். இப்போது நீங்களே டீக்கடையில் ஜிபே போடுகிறீர்கள், அவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. விசா அல்லது மாஸ்டர் கார்டு ஒன்றை, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரச் சொல். அதை அலிபே என்ற இங்குள்ள பேமெண்ட் ஆப்பில் இணைத்துக்கொண்டால் இங்கே பேங்க் கணக்கு கிடைக்கும் வரை சமாளிக்கலாம்.

கஷ்டம் வீட்டுக்குப் பேசுவதில்தான். வாட்ஸ்அப் இங்கே 2017 முதல் முடக்கம். வாட்ஸ்அப் போன்ற சீன ஆப்பான வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. இங்கே ஆபீஸ் வேலை, வாடகை, கரண்ட் பில், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்று சகலமும் வீசாட்டில்தான் நடக்கிறது. அங்கே உங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் வாட்ஸ்அப்பில். அம்மா முகத்தைப் பார்க்க இரண்டு அரசாங்கங்களுக்கும் நடுவில் வழி தேட வேண்டியிருக்கிறது. இந்திய சிம்மை ரோமிங் பேக்கோடு உயிரோடு வைத்திருந்தால் வாட்ஸ்அப் வேலை செய்யும். அந்த நம்பரை எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம் என்று அவனிடம் அழுத்திச் சொல்.

இன்னொன்றையும் அக்காவிடம் மறைக்கக் கூடாது. வேலைக்கு வருபவர்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு வருட பர்மிட். அது முடியுமுன் திரும்பவும் காகிதம், போட்டோ, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது. புதிதாக வந்து இறங்கினாலும் சரி, வீடு மாறினாலும் சரி, 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரியைப் பதிய வேண்டும். யாரும் மிரட்டுவதில்லை, வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் எத்தனை வருடம் இருந்தாலும் நாம் விருந்தாளிதான் என்பதை அந்தக் காகிதம் மறக்க விடாது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 நவம்பரில் இந்தியாவிலிருந்து வருவோரை நிறுத்தி வைத்தார்கள், அது தளர 2022 ஆகஸ்ட் ஆனது. போனால் திரும்ப முடியாது என்ற அந்தக் காலத்தில்தான் அப்பா போனார். நீ முன்னால் நின்று எல்லாக் காரியத்தையும் செய்தாய். அதற்கு நான் உனக்கு இதுவரை சரியாக நன்றி சொன்னதில்லை, இப்போதும் என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது நிலைமை பரவாயில்லை. 2025 அக்டோபர் கடைசியில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேரடி விமானம் மறுபடி தொடங்கிவிட்டது. கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வருவதும் அவனுக்குச் சுலபம்.

வேலை விஷயத்தில் அவன் பார்க்கப் போகிற இடத்தை நினைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. ஹாய்சூ பகுதியில் சுன் யாட்-சென் பல்கலைக்கழகத்தின் தெற்கு வாசலை ஒட்டி ஜோங்தா துணி மார்க்கெட். துணி, ஜிப், பட்டன், லேஸ், எலாஸ்டிக் என்று மாடி மாடியாகக் கடைகள். சந்துகளில் துணி ரோல்களை அடுக்கிய பேட்டரி வண்டிகள் நம்மை உரசிக்கொண்டு போகும். மார்க்கெட்டை அடுத்து காங்லெ என்ற பழைய கிராமம், இப்போது நகரத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வீடுகள் அவ்வளவு நெருக்கம், ஜன்னலில் நின்று கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைத் தொடலாம். ஒவ்வொரு மாடியிலும் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஹூபெய் மாகாணத்துக்காரர்கள்.

அங்கே காலையில் ஒருமுறை நீ அவசியம் வர வேண்டும். தெருவின் ஓரத்தில் வரிசையாக நிற்பவர்கள் முதலாளிகள். கையில் ஒரு சாம்பிள் உடுப்பு, ஒரு அட்டையில் என்ன வேலை என்று எழுதியிருக்கும். தொழிலாளிகள் நடந்து வந்து அந்த உடுப்பை வாங்கி உள்பக்கம் புரட்டி, தையலைப் பார்த்து, ஓவர்லாக் எவ்வளவு, காலர் எப்படி என்று கணக்குப் போட்டு, பீஸுக்கு என்ன ரேட் என்று கேட்பார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். ஒரு பெண் ஒரு பாவாடையின் இடுப்புப் பட்டியை விரலால் அளந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அந்த முதலாளி அவளைக் கூப்பிட்டு ரேட்டை ஏற்றினார். பீஸ் ரேட் நம் திருப்பூருக்குப் புதிதல்ல. ஆனால் ரேட் பேசுகிற இடத்தில் தொழிலாளி நிமிர்ந்து நின்று பொருளை மதிப்பிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வேலை கிடைக்காத மந்த மாதங்களில் அதே தெருவில் அவர்கள் மதியம் வரை நிற்பதையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே சிங்யுவான் என்ற நகரத்துக்கு நகர்த்தி வருகிறார்கள். அதனால் அவன் வந்ததும் முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆபீஸில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் தூங்குவார்கள். மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை எடுத்துப் போடுவார்கள், போர்வை உட்பட. ஒன்றரை, இரண்டு வரை யாருக்கும் போன் செய்யக் கூடாது. சப்ளையரை அந்த நேரத்தில் எழுப்பிப் பேசினால் அன்றைக்கு நல்ல ரேட் கிடைக்காது.

சாப்பாடு. பையன் சைவம் என்றால் முதல் மாதம் சிரமம்தான். கீரைப் பொரியல் என்று நினைத்து வாங்கினால் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள், அல்லது மேலே கொத்துக்கறி தூவியிருப்பார்கள். கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சுத்த சைவ ஓட்டல்கள் உண்டு. ஷியாவ்பெய் பக்கம் ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் நிறைய, அங்கே பருப்பு, மசாலா கிடைத்துவிடும். ஆனால் சமைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் அவன் ராஜா. இங்கே காய்கறிச் சந்தையில் பாகற்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், பூசணி, சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை எல்லாமே உண்டு. குவாங்தோங் மாகாணத்துக்காரர்கள் பாகற்காயை நம்மைவிட விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் அம்மா, காசு கொடுத்து முடித்ததும் ஒரு பிடி வெங்காயத் தாளும் கொத்தமல்லியும் பையில் திணித்துவிடுவார். கொசுறு கேட்காமலே வருகிற ஊர்.

இப்போது மார்ச். தெற்கிலிருந்து ஈரக் காற்று வந்து சேர்கிற பருவம். குளிர்ந்து கிடக்கும் சுவரில் அந்தக் காற்று பட்டதும் சுவர், தரை, கண்ணாடி எல்லாவற்றிலும் தண்ணீர் வழிகிறது. துணி காயவே காயாது. இந்த நாட்களில் ஜன்னலை இறுக்கிச் சாத்தி வைக்க வேண்டும், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று திறந்தால் வீடே நனைந்துவிடும். அதே சமயம் தெருவெல்லாம் இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கின்றன. அது இந்த நகரத்தின் பூ. கனமான பூ, தரையில் விழுந்தால் சத்தம் கேட்கும். வயதானவர்கள் அதைப் பொறுக்கி, காம்பைக் கிள்ளி, ஃப்ளாட் வாசலில் முறத்தில் பரப்பிக் காய வைக்கிறார்கள். பிறகு சூப்பிலும் மூலிகைத் தேநீரிலும் போடுவார்கள். மூலிகைத் தேநீர்க் கடை தெருவுக்குத் தெரு உண்டு. நம்ம நிலவேம்புக் கசாயம் போல அவ்வளவு கசப்பு, ஆபீஸ் போகிற வழியில் நின்று மடமடவென்று குடித்துவிட்டுப் போவார்கள்.

பூ காய வைப்பவர்களில் ஒருவர் என் எதிர்வீட்டு அம்மா. இவரைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா? 2022 நவம்பரில் கொரோனாவுக்காக ஹாய்சூ பகுதி முழுவதையும் அடைத்துவிட்டார்கள். என்னிடம் அரிசி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இவர்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் என் கதவில் மாட்டிய பையில் முட்டைக்கோஸோ, டோஃபுவோ வைத்துவிட்டுப் போவார். அதற்கு முன் எங்களுக்குள் லிஃப்ட்டில் தலையசைப்பு மட்டும்தான். அது முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனார். தேநீர் என்பது பெயருக்குத்தான். ஏழு மணிக்கே வந்து, மூங்கில் தட்டுகளில் ஆவியில் வெந்த இறால் கொழுக்கட்டை, அரிசி மாவு ரோல், முள்ளங்கிக் கேக் என்று ஒவ்வொன்றாக வரவழைத்து, பத்து மணி வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். முதலில் கோப்பைகளைச் சுடுதேநீரில் கழுவ வேண்டும். யாராவது நமக்கு ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் நன்றி. கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் கொண்டு வருவார்கள். அந்த மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். நான் எந்த ஊர் என்று கேட்டார்கள். இந்தியாவின் தெற்கு என்றேன். உடனே ஒருவர் லீவான் பகுதியில் உள்ள ஹுவாலின் கோயிலுக்குப் போயிருக்கிறாயா என்றார். போதிதர்மர் கடல் வழியாக வந்து முதலில் கரையிறங்கிய இடம் அதுதான் என்பது இங்குள்ள மரபு. காஞ்சியிலிருந்து போனவர் என்று நாம் சொல்கிறோமே, அவரேதான். அடுத்த வாரம் அந்தப் பெரியவரே என்னை அங்கே கூட்டிப் போனார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இங்கே வருகிற நம் பையன்களில் பலர் நாலைந்து பேராக ஒரு ஃப்ளாட் எடுத்து, ஆபீஸ், வீடு, ஞாயிறு கிரிக்கெட் என்று இருந்துவிட்டு, சீன மொழியில் விலை கேட்கும் அளவோடு ஊர் திரும்புகிறார்கள். கேட்டால், எப்படியும் திரும்பப் போகிறோம், எதற்கு மெனக்கெட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. பர்மிட் ஒரு வருடத்துக்கு இருக்கலாம், ஆனால் அந்த ஒரு வருடம் அவனுடைய ஆயுளில் ஒரு வருடம். அவன் வந்த முதல் வாரத்திலேயே மாண்டரின், அதாவது சீனாவின் பொதுமொழி, வகுப்பில் சேர வேண்டும். இந்தப் பகுதியின் பேச்சுமொழியான காண்டனீஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதை இங்குள்ள பேரப்பிள்ளைகளே பேசக் கூச்சப்படுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா காண்டனீஸில் கேட்க, பேரன் மாண்டரினில் பதில் சொல்வதைத் தினமும் கேட்கிறேன். பெங்களூரில் உன் அண்ணன் பேத்தி ஞாபகம் வரும்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, ஒரு சின்ன மிக்ஸி, காய்ச்சல் மாத்திரையைச் சீட்டோடு. பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பட்டச் சான்றிதழைத் தூதரக அட்டெஸ்டேஷன் வரை முடித்து, ஒரிஜினலைக் கையோடு கொண்டு வரட்டும். முதல் வாரம் என் வீட்டிலேயே தங்கட்டும், போலீஸ் பதிவுக்கு நானே கூட்டிப் போகிறேன். அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல்.

நீ வருவதாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுகிறாய். இந்த வருடம் காண்டன் ஃபேருக்கு வந்துவிடு. 1957 முதல் நடக்கிற கண்காட்சி, இலையுதிர்காலத்தில் மூன்றாவது கட்டம் அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை. துணி, ஆயத்த ஆடை எல்லாம் அதில்தான். அந்த நாட்களில் ஓட்டல் வாடகை ஏறிவிடும், நீ என்னோடு தங்கு. மிச்சம் இருக்கிற மெஷின்களில் என்ன ஓட்டலாம் என்பதைக் கண்காட்சியையும் ஜோங்தாவையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சேர்ந்து முடிவு செய்வோம். அதுவரை இன்னொன்றை விற்காதே. அழைப்புக் கடிதத்துக்கு உன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தை இந்த வாரமே ஸ்கேன் செய்து அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்