கை ரிவெட்டர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கிற உங்கள் கை ரிவெட்டரின் அட்டையில், ரிவெட்டின் தடிமன் 2.4, 3.2, 4.0, 4.8 மி.மீ. என்று நான்கு அளவுகள் போட்டிருக்கிறீர்கள். எந்த உலோகத்து ரிவெட்டுக்கு என்பதை மட்டும் போடுவதில்லை. அதையும் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் 4.8 ரிவெட் அடிக்க வேண்டியிருந்தது. அலுமினிய ரிவெட் போட்டால் ஈரம் பட்டுப் பட்டு அரித்துவிடும் என்பதால் ரிவெட்டும் எஸ்.எஸ்.தான். 4.9 பிட்டில் துளை போட்டு, பிசிறு நீக்கி, ஒற்றைக் கை ரிவெட்டரை வைத்து அழுத்தினேன். ரிவெட்டின் நடுவே ஒரு கம்பி இருக்கும்; கருவி அதை இழுக்க இழுக்க ரிவெட் உப்பித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் கம்பி அறுந்து வந்துவிடும். முதல் அழுத்தில் அந்தக் கம்பி கொஞ்சம் வந்தது. அப்புறம் நகரவே இல்லை. இரண்டு கையாலும் சேர்த்து நெரித்தேன். உள்ளங்கை கன்றிப்போனதுதான் மிச்சம். கருவிக்குள் கம்பியைக் கவ்வும் தாடைகள் வழுக்கி, அதை வழவழவென்று தேய்த்துவிட்டன. கம்பியும் அறவில்லை, கருவியும் கழன்று வரவில்லை, தகட்டிலேயே தொங்கியது. முன்பக்க உறையைத் திருகிக் கழற்றி, கம்பியை வெட்டி, பாதி உப்பிய ரிவெட்டில் டிரில்லை வைத்தால் அதுவும் கூடவே சுற்றியது. துளை அகன்று, தகடு வீணானது.

அலுமினியத்தில் 4.8 அடிக்கிற கருவி எஸ்.எஸ்.ஸில் 4.8 அடிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குத்தானே நீளக் கைப்பிடி வைத்த இரு கை ரிவெட்டரையும் நீங்களே செய்கிறீர்கள்! தெரிந்ததை வாங்குபவரிடம் சொல்ல என்ன தயக்கம்?

இன்னொரு வருத்தமும் உண்டு. கருவியோடு தரும், கம்பியை நுழைக்கும் நான்கு மூக்குகளில் பலவற்றில் அளவே பொறித்திருப்பதில்லை. பெரிய மூக்கை மாட்டிவிட்டால் ரிவெட்டின் தலை அதற்குள் இழுபட்டுக் கூம்பிவிடுகிறது. தேய்ந்த தாடைகளுக்கு மாற்றும் கிடைப்பதில்லை. விரல்நுனி அளவு இரும்புத் துண்டுகளுக்காக, நன்றாக இருக்கும் கருவியை எறிய மனம் வருமா?

சரி, இவற்றையெல்லாம் மெல்லச் செய்யுங்கள். அந்த ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். அலுமினியம் எந்த அளவு வரை, இரும்பு எதுவரை, எஸ்.எஸ். எதுவரை என்று அட்டையில் ஒரு வரி. அட்டை கிழிந்து போகும், ஆகவே கைப்பிடியிலும் அதையே பொறித்துத் தாருங்கள். தயவுசெய்து.

அன்புடன்,
தினமும் ரிவெட் அடிக்கும் ஒருவன்