ரூபார்ப் இலை கீரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடிப்பட்டத்துக்கு இணையத்தில் விதை வாங்குவோர் கண்ணில் இப்போது ரூபார்ப் என்ற குளிர்நாட்டுச் செடியும் படுகிறது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் அதை விதைக்க வேண்டாம். அதில் உண்ணத்தக்கது புளிப்பும் சிவப்புமான தடித்த இலைக்காம்பு மட்டும்தான். இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கீரைதானே என்று கிள்ளிக் கடைந்தால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும், சிறுநீரகமே கெடலாம். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. நம் வெயிலில் காம்பு தடிக்காது என்பதால், கைக்குக் கிடைக்கப்போவதே அந்த இலைதான்.

நாட்டு மருந்துக் கடை ரேவல்சின்னிக் கிழங்கின் இனம் இது. குளிர்காலத்தில் சுமார் 5 டிகிரிக்கும் கீழே பல வாரம் கிழங்கு உறங்கினால்தான் குருத்து வலுவாக வரும். இங்கே மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அடைமழையில் களிமண்ணில் நீர் தேங்கினால் கிழங்கின் தலையும் அழுகிவிடும்.

அந்தப் புளிப்பும் சிவப்பும் வேண்டுமென்றால், புளிச்சக்கீரையில் சிவப்பு வகையான சிவப்புப் புளிச்சை இருக்கிறது. ஜாமுக்கும் ஏற்றது. முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தியில் களிமண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 கலந்து, ஆடியில் அரை அங்குல ஆழத்தில் குழிக்கு 2 விதை போட்டு, முளைத்தபின் ஒன்றை நிறுத்துங்கள். கீரைக்கு ஓரடி இடைவெளி போதும், காய்க்கு 3 அடி வேண்டும். 35 நாளில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும். காய் வேண்டுவோர் புரட்டாசிப் பாதியோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். பகல் குறையும்போது பூக்கும் செடி இது. ஐப்பசியில் விதைத்தால் வளருமுன்பே பூத்து ஏமாற்றும். யூரியா அதிகமானால் இலை செழிக்கும், காய் குறையும். மழைக்காற்றுக்குச் சாயும் என்பதால் மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டுவது அவசியம். நுனியில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பூ உதிர்ந்த 15 முதல் 20 நாளுக்குள், காய் பழுப்பேறுமுன் பறித்து, அதைச் சூழ்ந்த சிவப்பு மடலை மட்டும் உரித்தெடுங்கள். முற்றினால் மடல் நாராகிவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் புளிச்சக்கீரையையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

ரூபார்ப் விதை விற்பவர்கள் பொட்டலத்தின் மீது ‘இலை நஞ்சு, சமைக்கக் கூடாது’ என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டக்காரர்கள் சிலர்,
மன்னார்குடி