கார்ட் பந்தயச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நிர்வாகக் குழு 11 முறை கூடியது. திட்டமிட்ட 9 பந்தய நாட்களில் ஒன்று மழையால் கைவிடப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இனி டிரான்ஸ்பாண்டர் விவகாரம். கார்ட் எனும் நம் சிறு பந்தய வண்டியில் மாட்டி, சுற்று நேரத்தைக் கணிக்க சிக்னல் அனுப்பும் சிறு கருவி அது. ஆண்டின் பாதியை அது தின்றுவிட்டதால் அறிக்கையிலும் பாதி அதற்கே போகிறது.

தீர்மானப்படி, வாடகைக்கு விடுவதற்காக 12 பழைய டிரான்ஸ்பாண்டர்கள் வாங்கினோம். இந்த ரகத்தில் பச்சை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறதோ அத்தனை நாளுக்கு சார்ஜ் மீதி. சிவப்பு வந்தால் சார்ஜ் போட வேண்டும். விற்றவர் அனுப்பிய படங்களில் எல்லாமே பச்சை. அதை நம்பியது என் தவறு. முதல் பந்தயத்தன்று காலையிலும் பச்சைதான். மாலை இறுதிப் போட்டியில், இளையோர் பிரிவில் மூன்றாவதாக வந்த பிள்ளையின் டிரான்ஸ்பாண்டரில் சார்ஜ் தீர்ந்து, அவர் பெயர் கணினிப் பட்டியலிலேயே இல்லை. அவருடைய தந்தையிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே பதிவு செய்ய வேண்டியதில்லை.

அந்தப் பச்சை விளக்கு இப்போதுள்ள சார்ஜைத்தான் சொல்லும்; பேட்டரியின் வயதைச் சொல்லாது. கிழட்டு பேட்டரியும் சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் இளமையாகத்தான் தெரியும். ஆகவே பன்னிரண்டையும் ஓர் இரவு முழுக்க சார்ஜ் செய்து, எடுத்த நேரத்தை எழுதி, அலமாரியில் வைத்தோம். அணைக்கப் பொத்தான் கிடையாது என்பதால் சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். காலையும் மாலையும் சிமிட்டலை எண்ணிக் குறித்தோம். நல்லவை நாளுக்கு ஒன்றாகக் குறைந்தன. கெட்டவை விடிவதற்குள் சிவப்புக்கு வந்துவிட்டன. முடிவு: 7 நன்று, 3 பயிற்சி நாளுக்கு மட்டும், 2 உதவாது.

உதவாத இரண்டில் ஒன்றை அறுத்து பேட்டரி மாற்றிப் பார்க்கிறேன் என்று உறுப்பினர் ஒருவர் எடுத்துப் போனார். உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறது. எப்படியோ மாற்றி ஒட்டினார். அடுத்த மழையில் நீர் இறங்கி அதுவும் போயிற்று. முயற்சிக்கு நன்றி, இனி யாரும் வேண்டாம்.

தடத்துக்கு அடியில் உள்ள லூப்பை (சிக்னலை வாங்கும் கம்பி வளையம்) கடக்கும்போது டிகோடரில் (அந்தச் சிக்னலைப் படிக்கும் கருவி) பதிவாகும் ஹிட்ஸ், அதாவது எத்தனை முறை சிக்னல் கிடைத்தது என்ற எண்ணிக்கையையும் பார்த்தோம். இதில் ஒருமுறை ஏமாந்தோம். ஹிட்ஸ் குறைந்ததும் பேட்டரிமேல் பழி போட்டோம். பார்த்தால் டிரான்ஸ்பாண்டருக்கு நேர் கீழே சிக்னலை மறைத்தபடி இரும்புத் தட்டு. ஒப்பிடுவதானால் அதே கார்ட், அதே இடம், ஏறத்தாழ அதே வேகம் வேண்டும்.

சொந்தமாகப் பழையது வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மைலாப்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்2, ஃப்ளெக்ஸ் போன்ற டிரான்ஸ்பாண்டர்கள் சந்தாவில் ஓடுபவை. சந்தா முடிந்திருந்தால் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து அதை விடுவித்துத் தருவாரா என்று கேட்டுவிட்டே பணம் கொடுக்கவும். வண்டியின் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ரகத்தில் பேட்டரிக் கவலை இல்லை. ஆனால் நம் கார்ட்கள் பலவற்றில் இணைக்க பேட்டரியே கிடையாது.

சோதனைப் பதிவேடு நேரக்கணிப்பு அறையில் உள்ளது. கடைசிப் பந்தயத்தன்று வாடகைக்குப் போன 4, 9 எண் டிரான்ஸ்பாண்டர்கள் இன்னும் திரும்பவில்லை. சார்ஜ் தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி கெட்டுவிடும். இரண்டும் நல்ல ஏழில் சேர்ந்தவை. வைத்திருப்போர் இந்த வாரத்துக்குள் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்