வரிசையின் வாலிலேயே சொல்லிவிடுங்கள்: தீம் பார்க் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பூங்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. கோடை விடுமுறையின் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெரிய ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அன்று மாலையே வாடிக்கையாளர் சேவை மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். "மேலிடத்துக்கு அனுப்புறோம் மேடம்" என்றார்கள். மேலிடம் ரொம்ப மேலே இருக்கிறது போல, இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் ஊர் பார்க்க இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. வரிசையில் நிற்பவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், அவர் வந்து சேரும் இடத்திலேயே, வரிசையின் வாலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு அதன் தலைமாட்டில் சொல்லாதீர்கள்.

என் அண்ணன் மகன் நாலாம் வகுப்பு முடித்தவன். உங்கள் பூங்காவுக்கு வருவதற்காக அந்த வருஷம் முழுக்க வீட்டுப்பாடம் எழுதியவன். வாசலில் பையைச் சோதித்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்தார்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, சரி. ரைடுக்குப் போனும் கொண்டு போகக் கூடாது என்பதால் லாக்கரில் வைத்தோம். அதற்கு வாடகை, அதுவும் சரி. செருப்பையும் கழற்றி விட்டாயிற்று. ஆக வெறுங்கையோடு, வெறுங்காலோடு, உங்கள் கம்பித் தடுப்புக்குள் நுழைந்தோம். மேலே தகரக் கூரை பாதி தூரத்துக்குத்தான். மீதிப் பாதிக்கு மே மாத வெயில்தான் கூரை. ஒலிபெருக்கியில் உங்கள் பூங்காவின் விளம்பரப் பாட்டு, முடிந்ததும் மறுபடி அதே பாட்டு.

இப்படி நிற்கிற ஜனம் என்ன செய்யும் என்று நீங்கள் ஒரு நாளாவது கீழே இறங்கி வந்து பார்க்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் ஆரணியிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம். பத்து நிமிஷத்தில் அவர்களும் நாங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டோம். கம்பிக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டிருந்த கல்லூரிப் பையன்கள், நாங்கள் 'ரி'யில் மாட்டிக்கொண்டபோது பாட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் சைகையில் சினிமாப் பெயர். அப்புறம் விடுகதை. அந்தக் குடும்பத்துப் பாட்டி போட்ட விடுகதைகளில் பாதிக்கு எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை. பொழுதுபோக்குப் பூங்காவில் அன்று எங்களுக்குக் கிடைத்த உருப்படியான பொழுதுபோக்கு அதுதான். அதற்கு நீங்கள் செலவழித்தது சல்லிக்காசு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு பையன் கணக்குப் போட ஆரம்பித்தான். இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வண்டியில் இருபது சீட். ஏற்றி, பூட்டி, சுற்றி, இறக்கி, அடுத்த ஆட்களை ஏற்ற ஐந்து நிமிஷம் ஆகிறது என்று ஒலிபெருக்கிப் பாட்டை வைத்தே கண்டுபிடித்தான். அப்படியானால் மணிக்கு இருநூற்று நாற்பது பேர். கம்பித் தடுப்பில் எங்களுக்கு முன்னால் எட்டு மடிப்பு, மடிப்புக்குச் சுமார் முப்பது தலை. "கரெக்டா ஒன் அவர் அத்தை" என்றான். வரிசையில் எங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தி போனது. நேரம் தெரிந்ததும் முகங்கள் தெளிந்தன. பாட்டி தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கணக்குத் தப்பவில்லை, தப்பவைத்தது உங்கள் ஃபாஸ்ட் டிராக். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு சீட் அந்த வரிசைக்குப் போகிறது. மிச்சம் பன்னிரண்டு. பையன் மறுபடி விரல் மடக்கினான். இருநூற்று நாற்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இருபது சுற்று, நூறு நிமிஷம். அதாவது கூடக் காசு கொடுத்தவருக்கு நீங்கள் விற்கிற அந்த நேரத்தை நீங்கள் தயாரிக்கவில்லை. எங்களிடமிருந்து நாற்பது நிமிஷத்தை எடுத்துத்தான் அங்கே விற்கிறீர்கள். வியாபாரம், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் நாலாம் வகுப்புப் பையன் விரலை மடக்கிக் கண்டுபிடித்ததை, டிக்கெட்டை ஸ்கேன் செய்து ஆட்களை எண்ணிக்கொண்டே இருக்கிற உங்கள் கம்ப்யூட்டரால் ஒரு பலகையில் எழுதிப் போட முடியாதா? "இங்கிருந்து நூறு நிமிடம்" என்று வரிசையின் வாலில் ஒரு வரி. நிற்கிறவர் நிற்பார், போகிறவர் போவார்.

நூறு நிமிஷம் கழித்து எங்கள் முறை வந்தது. அங்கேதான், அந்தக் கடைசிப் படியில்தான், உங்கள் அளவுகோல் நின்றுகொண்டிருந்தது.

நூற்று நாற்பது சென்டிமீட்டர் கோடு. பையன் அதன் கீழே போய் நின்றான். இரண்டு விரற்கடை குறைந்தது. குதிகாலை லேசாகத் தூக்கினான். அங்கே இருந்த தம்பி அவன் தோளில் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்தினார், குதிகால் இறங்கியது. "ஹைட் பத்தாதுங்க மேடம். ரூல்ஸுங்க." அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளிடம் அவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறதோ! அந்த விதியோடும் எனக்குச் சண்டை இல்லை. தோளுக்கு மேலிருந்து இறங்குகிற அந்தப் பூட்டு குறிப்பிட்ட உடம்பு அளவுக்கு மேல் உள்ளவர்களை மட்டுமே பிடித்து நிறுத்தும். சின்ன உடம்பு நழுவிவிடும். விதியைத் தளர்த்தச் சொன்னால் அது பாவம். நான் கேட்பது, அந்தக் குச்சி ஏன் அங்கே நின்றது?

அதோடும் முடியவில்லை. வெளியேற அந்தப் படியில் தனி வழி கிடையாது. வந்த வழியே, நிற்கிற கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, எட்டு மடிப்பையும் திரும்ப நடக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு பாடியவர்கள், கணக்கைக் கேட்டுக் கைதட்டியவர்கள், எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் கேட்கிறார்கள், "என்னப்பா ஆச்சு, போகலையா?" முதல் இரண்டு மடிப்பு வரை பதில் சொன்னான். மூன்றாவதில் என் துப்பட்டாவைப் பிடித்து முகத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் வரிசையில் இருந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு அளக்க ஆரம்பித்தார்கள். நடுவழியில் வரிசையை விட்டு வெளியேறிய குடும்பங்களை நானே பார்த்தேன். உங்கள் அளவுகோல் செய்ய வேண்டிய வேலையை அழுத முகத்தோடு என் மருமகன் செய்தான். அதற்கும் கட்டணம் நாங்கள்தான் கட்டியிருந்தோம்.

இது உங்கள் ஒருவர் குற்றம் மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது. இந்த ஊரில் எந்த வரிசையும் இப்படித்தான். தாலுகா ஆபீஸில் காலையெல்லாம் நின்று ஜன்னலுக்குப் போனால்தான், "ஆதார் ஜெராக்ஸ் எங்கம்மா?" என்பார்கள். ரேஷன் கடையில் பில் போடும்போதுதான் பருப்பு தீர்ந்துவிட்ட விஷயம் வெளியே வரும். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து பெயர் கூப்பிட்ட பிறகு, டாக்டர் இன்று லீவு என்பார்கள். கடைசி ஆளிடம் முதலிலேயே சொன்னால் கடவுள் கோபித்துக்கொள்வார் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடங்களில் நான் காசு கொடுத்துச் சந்தோஷம் வாங்கப் போகவில்லை. உங்களிடம் அதற்காகத்தான் வந்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன், மன்னிக்கவும்.

கடவுள் என்றதும் திருப்பதி ஞாபகம் வருகிறது. ஏழுமலையான் தரிசனத்துக்கு இன்று எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை கம்பார்ட்மென்ட் நிரம்பியிருக்கிறது என்று பேப்பரிலேயே போடுகிறார்கள். வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு புறப்படலாம். நேரம் குறித்த இலவச டோக்கன் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாப்பாடும் பாலும் கொடுக்கிறார்கள். பெருமாளைப் பார்க்கக் காத்திருப்பவருக்கே நேரம் சொல்லப்படுகிறது. தலைகீழாகத் தொங்கக் காத்திருப்பவருக்குச் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

வெளிநாட்டு உதாரணம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதுவும் இருக்கிறது. ஹார்வர்டில் பாடம் நடத்திய டேவிட் மைஸ்டர், காத்திருக்கும் மனசு பற்றி 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். கை சும்மா இருந்தால் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். அநியாயம் நடக்கிறது என்று பட்டால் அதற்கும் மேல் நீளும். மூன்றையும் உங்கள் வரிசையில் ஒரே மூச்சில் அனுபவித்தோம். புளோரிடாவில் டிஸ்னிக்காரர்கள் பறக்கும் யானை ராட்டினத்துக்கு 2012இல் ஒரு வேலை செய்தார்கள். கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் விளையாட விட்டார்கள். பேஜர் அடித்தால் போய் ஏற வேண்டியதுதான். அதே டிஸ்னி 1999இல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய, நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் ஃபாஸ்ட் பாஸை 2021இல் காசு வாங்கும் திட்டமாக மாற்றியது. இந்த இரண்டில் எது நம் ஊருக்கு விமானம் ஏறி வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கூடாரம் கேட்கவில்லை. பேஜர் கேட்கவில்லை. எங்கள் பாட்டும் விடுகதையும் எங்களுக்குப் போதும், அதை நாங்களே கொண்டு வந்துவிடுவோம். நேரத்தைப் போக்குவது எங்கள் பொறுப்பு. எவ்வளவு நேரம் என்று சொல்வது உங்கள் பொறுப்பு. அதிலும் ஏற முடியுமா முடியாதா என்பதைச் சொல்வது அதற்கெல்லாம் முந்தைய பொறுப்பு.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன். உயரக் கோடு போட்ட அந்தக் குச்சியை எடுத்து வரிசையின் வாலில் நடுங்கள். கடைசிப் படியிலும் ஒன்று இருக்கட்டும், தப்பி வருகிறவர்களைப் பிடிக்க. அல்லது டிக்கெட் வாங்கும் இடத்திலேயே பிள்ளைகளை அளந்து, எந்தெந்த ரைடில் ஏறலாம் என்று கையில் ஒரு கலர் பட்டை கட்டி அனுப்புங்கள். நுழைவுக்கு எப்படியும் பட்டை கட்டத்தான் செய்கிறீர்கள். காத்திருக்கும் நேரத்தை எழுதிப் போடுங்கள். கரும்பலகையும் சாக்பீஸும் போதும், டிஜிட்டலாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஃபாஸ்ட் டிராக்குக்குப் போகிற சீட்டையும் கழித்துவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் எங்கள் பையன் கண்டுபிடித்துவிடுவான். ரைடு பழுதாகி நின்றால், நிற்பதை வாலில் இருப்பவருக்கும் சேர்த்துச் சொல்ல ஒருவரை அனுப்புங்கள். அந்த விளம்பரப் பாட்டை நிறுத்திவிட்டு அதே ஒலிபெருக்கியில் சொன்னாலும் சந்தோஷமே. கூரையின் மறுபாதி பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

காலாண்டு விடுமுறை வருகிறது. அதற்குள் குச்சியையாவது நகர்த்திவிடுங்கள். நேரப் பலகைக்கு வேண்டுமானால் தீபாவளி வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட்டுக்கு முழுக் காசு கொடுத்த ஓர் அத்தை